எண்ணிக்கை அறமாகாது

(சேலம் அம்மாபேட்டையில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிறுபான்மை என்பது எண்ணைக் குறித்த சொல். ஒரு நாட்டில் ஒரு மொழியைப் பேசுவோரோ ஒரு சமயத்தைப் பின்பற்றுவோரோ பிறரினும் எண்ணிக்கையில் குறைந்திருக்கின்றனர் என்பதே அதன் பொருள். அறிவிற் குறைந்தவர், உழைப்பிற் குறைந்தவர், உரிமையிற் குறைந்தவர் என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. அப்பொருளை அதில் ஏற்றியவர்கள் ஆட்சியாளர்கள்.

குடியாட்சியில் தலைகளை எண்ணியே ஆட்சி அமைகிறது. அது தக்கதே. ஆயினும், ஆள்வோர் யார் என்பதை எண்ணிக்கை முடிவு செய்யலாமேயன்றி, வாழ்வதற்கு உரியோர் யார் என்பதை எண்ணிக்கை முடிவு செய்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை மறந்த நாடுகள் குருதியில் நனைந்துள்ளன.

தமிழ்நாட்டில் தமிழர் பெரும்பான்மையர். இந்திய ஒன்றியத்தில் அவர்கள் சிறுபான்மையர். இலங்கைத் தீவிலும் சிறுபான்மையர். மலேசியாவிலும் பர்மாவிலும் சிறுபான்மையர். ஒரே இனம் ஓரிடத்தில் பெரிதாகவும் மற்றோரிடத்தில் சிறிதாகவும் நிற்கின்றது. ஆகவே, சிறுபான்மையர் காப்பு என்னும் வினா தமிழர்க்கு அயல்வீட்டுச் செய்தியன்று. கேட்கும் பக்கத்திலும் அவர்கள் நிற்கின்றனர். கொடுக்கும் பக்கத்திலும் அவர்களே நிற்கின்றனர். இவ்விரு நிலைக்கும் அளவுகோல் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

இருபத்தைந்து நாள்களில் இரண்டு ஆவணங்கள்

1948-ஆம் ஆண்டு திசம்பர் 10-ஆம் நாள், பாரிசு நகரில் கூடிய ஒன்றிய நாடுகள் அவை, மாந்த உரிமைகள் பற்றிய உலகச் சாற்றுரையை நிறைவேற்றியது. ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்றும், மனம்போன போக்கில் அதனை எவரிடமிருந்தும் பறித்தல் கூடாது என்றும் அதன் 15-ஆம் பிரிவு கூறுகின்றது.

அதற்குச் சரியாக இருபத்தைந்து நாள்களுக்கு முன்பு, 1948 நவம்பர் 15-ஆம் நாள், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு பிப்பிரவரி 4-ஆம் நாள்தான் அத்தீவு விடுதலை பெற்றிருந்தது. பத்துத் திங்கள் நிரம்புவதற்குள், ஏறத்தாழ ஏழு இலக்கம் மலையகத் தமிழரை அச்சட்டம் நாடற்றவர் ஆக்கியது. உலகம் ஒருபுறம் உரிமையை எழுதிக்கொண்டிருந்தது. ஒரு புதிய அரசு மறுபுறம் அதனை அழித்துக்கொண்டிருந்தது.

யார் இம்மக்கள்? 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்களை அமைத்தபோது, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டிச் செல்லப்பட்ட ஏழை உழவர்கள். வறட்சி, கடன், சாதிக் கொடுமை ஆகிய மூன்றும் துரத்த ஊரை விட்டவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலையேறுகையில் பசிக்கும் நோய்க்கும் வழியிலேயே இரையானோர் பலர். பின்னர்க் காப்பிச் செடியை இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது. தேயிலை இலங்கையைச் செல்வ நாடாக்கியது. தேயிலை பறித்தவர்களோ ‘லயம்’ என வழங்கிய வரிசைக் கொட்டடிகளில் கிடந்தனர். 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். அத்தீவின் மக்கள்தொகையில் 11.7 விழுக்காட்டினர். சேலத்துப் புழுதியில் நடந்த கால்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் உளர் என்பதை இவ்வூரார் மறத்தல் ஆகாது.

அச்சட்டம் எங்ஙனம் இயங்கியது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழர்க்குக் குடியுரிமை இல்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றே அது கூறியது. கேட்பதற்குப் பொதுவான விதியே. ஆனால், கொட்டடியில் பிறந்த கூலித் தொழிலாளியின் தந்தைக்கு எந்த அலுவலகம் பிறப்புச் சான்று எழுதி வைத்திருந்தது? சான்று இல்லாத மக்களிடம் சான்றைக் கேட்பதே அச்சட்டத்தின் சூழ்ச்சி.

1949-இல் இரண்டாவது சட்டம் ஒன்று வந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் இடைவிடாது தங்கியிருந்ததற்குச் சான்று காட்டுவோர் இரண்டு ஆண்டுக்குள் வேண்டுகை அளித்துப் பதிவு பெறலாம் என்றது அது. எட்டு இலக்கம் பேர் அளவில் வேண்டுகை அளித்தனர். பல்லாண்டு ஆய்வுக்குப்பின் ஏறத்தாழ 1,34,000 பேர்க்கே குடியுரிமை கிடைத்தது. அதே 1949-இல் மூன்றாவது சட்டம், குடியுரிமை இல்லாதார் வாக்குரிமையையும் நீக்கியது. 1947 தேர்தலில் தம் உறுப்பினர்களை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய அம்மக்கள், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப இயலாதவர் ஆயினர். மூன்று சட்டங்கள், ஒரு துமுக்கியும் வெடிக்கவில்லை, ஓர் இனத்தின் வாய் அடைக்கப்பட்டது.

தாளில் இருந்த காப்பு

காப்பு எழுதப்படவில்லையா எனின், எழுதப்பட்டே இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, ஓர் இனத்தார்க்கோ சமயத்தார்க்கோ பிறர்க்கில்லாத தடைகளை விதிக்கும் எச்சட்டமும் செல்லாது என்று தெளிவாகவே கூறியிருந்தது. வெள்ளையர் வெளியேறுமுன் சிறுபான்மையர்க்கு விட்டுச்சென்ற கேடயம் அதுவே என்று பலரும் நம்பினர்.

அக்கேடயத்தை ஓர் எளிய மாந்தர் தூக்கிப் பார்த்தார். கோடாக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலிற் சேர்க்குமாறு கோரினார். பட்டியலை ஆய்ந்த அலுவலர், குடியுரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவுக்கு மாறானது என்று கண்டு அவர் பக்கம் நின்றார். இலங்கை உச்ச அறமன்றம் அதனை மாற்றியது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. தன் குடிகள் யாவர் என முடிவு செய்வது ஓர் அரசுக்கு இயல்பான உரிமையே என்றும், அச்சட்டம் ஓர் இனத்தைக் குறிவைத்ததன்று என்றும் 1953-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொல்லைப் பார்த்தவர்கள், சட்டம் போய்த் தாக்கிய உடம்பைப் பார்க்கவில்லை.

மலையகத் தமிழரைத் தாக்கிய அலை தம்மைத் தாக்காது என்று எண்ணியோர் அன்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்தனர். அங்ஙனம் எண்ணாதவர் செல்வநாயகம். மலைநாட்டுத் தொழிலாளியின் குடியுரிமை பறிபோகையில் தமிழ்த் தலைவர்கள் அரசுடன் கூடியிருத்தல் தகாது என்று தாம் இருந்த கட்சியினின்று பிரிந்து, 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். இன்று அவர்கள், நாளை இவர்கள் என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்தார்.

அந்த நாளை வர ஏழே ஆண்டுகள் ஆயின. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. கோடீசுவரன் என்னும் தமிழ் எழுத்தர், சிங்களத் தேர்வு எழுதாமைக்காகத் தம் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1964-இல் கொழும்பு மாவட்ட அறமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்மன்றம் அதைத் தள்ளியது. 1969-இல் பிரிவிக் கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயுமாறு திருப்பியனுப்பியது. மொழிச்சட்டம் 29-ஆம் பிரிவுக்கு ஒத்ததா என்னும் வினா அறமன்றின் வாயிலில் காத்து நின்றது. அதற்கு விடை காணவே இல்லை. 1972 மே 22-ஆம் நாள் புதிய குடியரசு யாப்பு வந்தது. 29-ஆம் பிரிவே அதில் இல்லை. புத்த சமயத்திற்கு முதலிடம் எழுதப்பட்டது. இலண்டனுக்கு மேல்முறையீடு செய்யும் வழியும் முன்னரே அடைபட்டிருந்தது.

பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை மட்டுமே பூட்டாகக் கொண்ட கதவு, பெரும்பான்மை சினங்கொள்ளும் நாளில் திறந்துகொள்ளும். இலங்கை வரலாறு உலகிற்கு அளித்துள்ள பாடம் இது.

பின்னர் நேர்ந்தவற்றை இங்குள்ளோர் அறிவர். 1981 மே 31-ஆம் நாள் இரவில் தொடங்கிய வெறியாட்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாகி, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. 1983 சூலையில் கொழும்புத் தெருக்களில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தீயிட்டனர். ஒரு பட்டியலிலிருந்து பெயரை நீக்கியது முதற் கொடுமை. ஒரு பட்டியலில் பெயர் இருந்ததே கொலைக்குக் குறியானது இறுதிக் கொடுமை. 2009 மே திங்களில் முள்ளிவாய்க்கால் மணலில் முடிந்த போரின் வேர், 1948, 1949 ஆகிய ஆண்டுகளின் மூன்று தாள்களில் இருக்கின்றது.

அத்துடன் நின்றதா? தமிழரை அடக்கியாயிற்று என்றபின் அவ்வெறி இசுலாமியரை நோக்கித் திரும்பியது. 2014 சூனில் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் அவர்தம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020-இல் பெருந்தொற்றில் மாண்ட இசுலாமியரின் உடல்களைக்கூட, அவர்தம் நெறிக்கு மாறாக எரித்தே தீர்வோம் என்று அரசு நின்றது. ஒரு சிறுபான்மையை விழுங்கிய வாய், அடுத்ததைத் தேடும்.

பங்கிடப்பட்ட மக்கள்

நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர் நிலை என்னாயிற்று? 1964 அக்தோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் சாத்திரியாரும் புதுதில்லியில் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதென்றும் எழுதினர். 1974-இல் அவ்வெஞ்சியோரையும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். களத்துமேட்டில் நெல் அளப்பதுபோல் மக்களை அளந்தனர்! அம்மக்களிடம் விருப்பம் கேட்டு அக்கணக்கு எழுதப்படவில்லை.

மூன்று இலக்கத்திற்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டுத் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் பெயருடன் தமிழ்நாட்டிற்கு வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்நாட்டை முன்பின் கண்டிராதவர்கள். 1968-இல் நீலமலையில் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் சிலர்க்கு வேலை கிடைத்தது. பிறர் கொத்தடிமைகளாகவும் கூலிகளாகவும் சிதறினர். இலங்கையில் எஞ்சியோர்க்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறை நாடற்றுப் பிறந்து, நாடற்று மணந்து, நாடற்றே மாண்டது.

இம்மண்ணில் உள்ள வினா

இதுவரை கூறியது கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. இனிக் கூறுவது இங்கு நிகழ்வது.

1977-ஆம் ஆண்டுக் கலவரத்திலும் 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திலும் மலையகத்தினின்று துரத்தப்பட்ட பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினர். போர் அங்கும் வரவே படகேறித் தமிழ்நாட்டிற்கு ஏதிலியராய் வந்தனர். 1983 முதல் மூன்று இலக்கத்திற்கு மேற்பட்ட ஈழத்தமிழர் இக்கரை சேர்ந்தனர். திரும்பிச் சென்றோர் போக, ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் முகாம்களிலும் முப்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் வெளியிலும் தங்கினர். சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் அம்முகாம்கள் உள்ளன. முகாம்களில் இருப்போருள் ஏறத்தாழ 30,000 பேர் மலையக வழியினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அஃதாவது, பாட்டன் சேலத்தினின்றோ திருச்சியினின்றோ போனான். பேரன் திரும்பி வந்தான். அவனை ஏதிலி என்றே ஏடு எழுதுகின்றது.

அவர்தம் பிள்ளைகள் இங்கே பிறந்தனர்; இங்கே பள்ளியிற் பயின்றனர்; பொறியியலும் செவிலியமும் கற்றனர். ஆயினும் குடியுரிமை இல்லை. ஏன் இல்லை? 1987 சூலை முதல் நாளுக்கு முன்பு இந்திய மண்ணிற் பிறந்தவர், பிறப்பினாலேயே இந்தியக் குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவராவது குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பருக்குப்பின் அவ்விதி இன்னும் இறுகிற்று. 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருவர் இதன் முன்பகுதியைப் பற்றுக்கோடாகக் கொண்டு 2022-இல் மதுரையில் வழக்காடி வென்றார். 2024 தேர்தலில் வாக்களித்தார். அவர்க்குப்பின் பிறந்த பிள்ளைகட்கு அவ்வழியும் இல்லை.

பிறந்தால் மட்டும் போதாது, தந்தையின் சான்று வேண்டும் என்றது 1948-இன் இலங்கைச் சட்டம். பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரின் குடியுரிமை வேண்டும் என்கின்றது இந்தியச் சட்டம். கொழும்பு செய்தபோது கொடுமை எனக் கண்ணீர் வடித்த அதே அளவுகோல், தில்லியின் கையில் இருக்கும்போது மட்டும் நேரிதாகி விடுமா?

2019-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014-ஆம் ஆண்டு இறுதிக்குள் வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. இசுலாமியரை அது விட்டது. இலங்கையை அடியோடு விட்டது. ஒடுக்கப்பட்ட சிறுபான்மையரைக் காப்பதே நோக்கமெனின், 1948 முதல் ஒடுக்கப்பட்ட தமிழன் எப்பட்டியலில் வருவான்? அவன் பெரும்பாலும் சிவனையோ முருகனையோ வழிபடுபவன். ஆயினும் அவன் தமிழன். சமயத்தை அளவையாகக் கொண்டால் இசுலாமியன் விடுபடுகின்றான். நாட்டை அளவையாகக் கொண்டால் தமிழன் விடுபடுகின்றான். துன்பத்தை அளவையாகக் கொண்டிருந்தால் எவரும் விடுபட்டிரார்.

அதே 2019-ஆம் ஆண்டு சூன் திங்களில், மலையக வழியினர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்தம் வேண்டுகைகளைப் பரிவுடன் ஆராய ஆணையிட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 சனவரி 9-ஆம் நாளுக்கு முன் வந்து பதிவுபெற்ற ஈழத்தமிழ் ஏதிலியர்க்குக் கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டத்தினின்று விலக்கு அளித்தது. தண்டம் நீங்கியது நன்றே. ஆயின், குற்றவாளியல்லன் என்பது வேறு. குடிமகன் என்பது வேறு.

ஒரே அளவுகோல்

இங்ஙனம் பிறரைக் கேட்கும் தமிழினம், தன்னையும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். அதுவே அறத்தின் கடுமையான பகுதி.

1990 அக்தோபரில் ஈழத்தின் வடபகுதியினின்று ஏறத்தாழ 70,000 இசுலாமியர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கொடுக்கப்பட்ட பொழுது சில மணிநேரமே. தாய்மொழியாகத் தமிழையே பேசிய அம்மக்கள், கட்டிய துணியுடன் புத்தளத்துக் கொட்டகைகளுக்குச் சென்றனர். 2002-இல் அவர்கள் மீளக் குடியேறலாம் என உடன்பாடு கண்டபோது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. சிங்கள அரசின் கொடுமை இதனை நயமாக்காது. ஒடுக்கப்பட்டவன் கையிலிருந்து வந்தாலும் ஒடுக்குமுறை ஒடுக்குமுறையே. ஈழ விடுதலையை நெஞ்சார நேசிப்போர் இதனை முதலிற் சொல்ல வேண்டும். பகைவர் சொல்லும்வரை காத்திருத்தல் கூடாது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? 1965 வரை சேலத்துடன் ஒன்றாயிருந்த தருமபுரிப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றோர் ஊர் உளது. மலைவாழ் பழங்குடியினர் வாழும் சிற்றூர். 1992 சூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் அவ்வூரிற் புகுந்தனர். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டனர், வீடுகள் நொறுக்கப்பட்டன, ஊரே வெறிச்சோடியது. குற்றஞ்சாற்றப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என உறுதியாயிற்று. 2023 செப்டம்பரில் உயர் அறமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. அப்பெண்கள் முப்பத்தோராண்டு காத்திருந்தனர். அடித்தவன் பேசியதும் தமிழ். அடிபட்டவள் அழுததும் தமிழ். மலைமேல் வாழும் சிறுகுடி என்பதால் கேட்பாரில்லை என்னும் துணிவே அக்கொடுமைக்கு அடிப்படை. கொழும்பில் இருந்ததும் அதே துணிவுதான்.

மொழிச் சிறுபான்மையர் செய்தியும் உண்டு. சேலத்தில் சவுராட்டிர மொழியினர் தலைமுறை தலைமுறையாக நெசவு செய்கின்றனர். உருதும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உடையோரும் உளர். 2006-ஆம் ஆண்டுத் தமிழ்கற்றல் சட்டத்தை எதிர்த்து மொழிச் சிறுபான்மையர் சிலர் வழக்காடியதுண்டு. தமிழ்நாட்டில் வாழ்வோர் அனைவரும் தமிழைக் கற்றல் இன்றியமையாதது. பொதுமொழி அறியாப் பிள்ளை அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் ஊமையாய் நிற்கும். ஆயின், தமிழைக் கற்பிப்பது வேறு. பிறர் தாய்மொழியைப் பறிப்பது வேறு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெறும் வாய்ப்பைச் சிறுபான்மையர்க்கு அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகின்றது. அப்பிரிவைக் காட்டித்தான் கருநாடகத் தமிழனும் கேரளத் தமிழனும் தமிழ்ப்பள்ளி கேட்கின்றனர். இங்கே மறுத்துவிட்டு அங்கே கேட்க எவ்வாய் உண்டு? இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தோர் பிறந்த நாடு, எம்மொழியையும் எவர்மீதும் திணியாத நாடாகவும், எம்மொழியையும் எவரிடமிருந்தும் பிடுங்காத நாடாகவும் இருத்தலே அவ்வீகத்திற்குப் பெருமை.

முனியப்பரான புத்தர்

ஒரு சிறுபான்மைக்குக் காப்பு அடியோடு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்குச் சேலத்திலேயே கல்லிற் செதுக்கிய சான்று இருக்கின்றது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் பன்னெடுங்காலமாக வழிபட்டு வந்த சிலை, புத்தர் சிலையே என்று வழக்கு எழுந்தது. தொல்லியல் துறையினர் ஆய்ந்தனர். தாமரை இருக்கையில் அமர்ந்து ஊழ்கத்தில் ஆழ்ந்த புத்தருக்குரிய குறிகள் அனைத்தும் அதில் இருக்கக் கண்டனர். அது புத்தர் சிலையே என 2022-இல் சென்னை உயர் அறமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றூரை அடுத்த தியாகனூரிலும் பெரும் புத்தர் சிலைகள் உள்ளன.

மணிமேகலை என்னும் பெருங்காப்பியத்தைத் தமிழுக்குத் தந்த சமயம் புத்தம். சிலப்பதிகாரத்தையும் நன்னூலையும் தந்தது சமணம். அச்சமயத்தார் இந்நாட்டில் எத்தனை பேராக இருந்தனர், எங்ஙனம் அருகினர் என்பது நெடிய வரலாறு. வழிபட்டோர் மறைந்தனர், பெயர் மறைந்தது, இறுதியில் எஞ்சிய கல்லும் தன்னைப் புத்தர் என்று சொல்லிக்கொள்ள இயலாமல் இருந்தது. முனியப்பனாகக் கும்பிட்ட எளிய மக்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் அன்புடனேயே கும்பிட்டனர். ஆயினும், ஒரு மக்கட்பிரிவு தன் பெயரையும் இழக்கும் நிலையே அழிவின் கடைசிப் படி என்பதை அச்சிலை உணர்த்துகின்றது. தனித்தமிழ் இயக்கத்தின் மூதறிஞர் பாவாணர், 1944 முதல் 1956 வரை இச்சேலத்துக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவர் பிறப்பாற் கிறித்தவர். உமறுப்புலவர் இசுலாமியர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழுக்கு அகரமுதலி தந்தார். சிறுபான்மையர் கொடையைக் கழித்துவிட்டுத் தமிழ்ச் செல்வத்தை எண்ணுவோர், பாதியையும் எண்ணி முடிக்க மாட்டார்.

காப்பு என்பது யாது?

இவை அனைத்தினின்றும் தெளிவாவன நான்கு.

முதலாவது, குடியுரிமை பிறந்த மண்ணால் வருதல் வேண்டும். தாளில் உள்ள குறையால் போதல் கூடாது. குடியுரிமை வேர், பிற உரிமைகள் கிளைகள்.

இரண்டாவது, மொழியும் சமயமும் கல்வியும் அவரவர்க்கு உரியனவாதல் வேண்டும். பொதுமொழி அறிவு அதற்கு மாற்றாகாது, துணையாகும்.

மூன்றாவது, சிறுபான்மையர்க்குத் தாம் வாழும் நிலத்தில் ஆட்சிப் பங்கு வேண்டும். காப்பாற்றப்படுவோர் என்னும் நிலை எந்நாளும் கையேந்தும் நிலையே.

நான்காவது, அவ்வுரிமைகளைப் பெரும்பான்மையர் தம் வாக்கெண்ணிக்கையால் மட்டும் மாற்ற இயலாதவாறு பூட்டுதல் வேண்டும். 29-ஆம் பிரிவுக்கு வாய்க்காதது இப்பூட்டே.

இது கனவன்று. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓலந்துத் தீவுகளில் சுவீடிய மொழி பேசுவோர் வாழ்கின்றனர். 1921-இல் நாடுகளின் கழகம் அத்தீவுகளைப் பின்லாந்துக்கே உரியவை என்று முடிவு செய்தபோது, அம்மக்களின் மொழிக்கும் நிலத்திற்கும் தன்னாட்சிக்கும் உறுதி வாங்கிற்று. அவர்தம் தன்னாட்சிச் சட்டத்தை, அத்தீவு மன்றத்தின் ஒப்புதலின்றிப் பின்லாந்து நாடாளுமன்றம் மாற்ற முடியாது. நூறாண்டு கடந்தும் அவ்வேற்பாடு நிலைத்துள்ளது. அத்தீவுகளின் மக்கள் எத்தனை பேர்? ஏறத்தாழ 30,000 பேர். தமிழ்நாட்டு முகாம்களில் நாடின்றிக் காத்திருக்கும் மலையக வழியினரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. அங்கே அத்தொகையினர்க்கு ஒரு தன்னாட்சி. இங்கே அத்தொகையினர்க்குக் குடியுரிமை அட்டைக்கும் வழியில்லை.

அம்மாபேட்டைப் பெருமக்களே! பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஓரிழை அறுந்தால், எஞ்சியவை போதும் என்று எந்நெசவாளியும் தறியை ஓட்டுவதில்லை. நிறுத்தி, அறுந்ததைத் தேடி, முடிந்துவிட்டே மேற்கொண்டு நெய்கின்றான். அறுந்த இழையை விட்டுவிட்டால் கெடுவது அவ்விழை மட்டுமன்று, துணி முழுவதும் என்பதை அவன் அறிவான். நாட்டை ஆள்வோர் அறியாதது இதுவே.

ஆகவே, செய்ய வேண்டுவன செய்வோம் என்று இளைஞர்கள் உறுதி கொள்ளல் வேண்டும். சேலம், நாமக்கல் முகாம்களுக்குச் சென்று, அங்குள்ள குடும்பங்களின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பாட்டன் பெயர் உள்ள பழந்தாள் ஆகியவற்றைத் திரட்ட உதவுங்கள். 1948-இல் தாள் இன்மையே அவர்களைக் கொன்றது. இந்திய மண்ணிற் பிறந்தோர்க்கும் மலையக வழியினர்க்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரையும் கேளுங்கள். அதே மூச்சில், தெருக்கோடியில் வாழும் பிறமொழியாளர்க்கும் பிறசமயத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் ஓர் இடுக்கண் நேர்ந்தால் முதலிற் சென்று நிற்பவர் தமிழுணர்வாளராய் இருத்தல் வேண்டும். தனக்குக் கேட்பதைப் பிறர்க்கும் கொடுப்பவன் கேள்விக்கே உலகம் செவிசாய்க்கும்.

எண்ணிக்கை ஆட்சியைத் தரும், அறத்தைத் தராது. அறத்தைத் தமிழர் தம் உள்ளத்தினின்றே கொடுத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வெல்க மாந்த உரிமை!